குடிசைக்குக் கீழே இருக்கும் மண்



விவசாயக் கூலிகள் சங்கம் வைப்பதை நிலக்காரர்கள் எப்படித் தடுத்தார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அடியாள் வைத்துத் தடுத்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். அதை மட்டும் சொன்னால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். சட்டத்தை வைத்துத் தடுத்த கதை இருக்கிறது. மனுக் கொடுத்துத் தடுத்த கதை இருக்கிறது. பணம் ஒதுக்காமல் தடுத்த கதைகூட இருக்கிறது. அந்தக் கதைகளைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கப் போகிறோம்.

நாம் கூடியிருக்கும் இடம் கோரிப்பாளையம். பாலத்தைத் தாண்டினால் ஊருக்குள் ஹார்வி மில். அந்த மில் தொழிலாளிகளுக்காக 1918இலேயே இந்த மதுரையில் சங்கம் கண்டவர்களில் ஒருவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். நம் பக்கத்துக் கிராமங்களில் ‘ரோசாப்பூ துரை’ என்றால் இன்றும் தெரியும். அதே ஆண்டில் சென்னையில் வாடியா தலைமையில் பின்னி ஆலைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி முதலாளிகள் சங்கத்தார்மேல் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் தடையும் வாங்கினார்கள். அந்த அநியாயம் கிளப்பிய விவாதத்தின் முடிவில் வந்ததுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம் என்றது அது.

மில்காரனுக்குச் சட்டம் வந்துவிட்டது. அந்த மில்காரனின் அண்ணன் மேலூரில் வயலில் நிற்கிறானே, அவனுக்கு?

அவனுக்கும் காகிதத்தில் ஒன்று இருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இல் ஓர் உடன்படிக்கை செய்தது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் சேர என்ன உரிமை உண்டோ, அதே உரிமை விவசாயத் தொழிலாளிக்கும் உண்டு என்பது அதன் சாரம். இந்தியா அதை 1923இலேயே ஏற்றுக் கையெழுத்திட்டது. அதாவது ஆலைக்காரனுக்கே சட்டம் வராத காலத்தில், வயல்காரனுக்கு உரிமை உண்டு என்று வெள்ளைக்கார சர்க்கார் உலகத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டது! கொடுத்த வாக்கைக் களத்துமேட்டுக்கு வந்து யாராவது சொன்னார்களா? ஒருவரும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? நிலக்காரர்களிடம் ஒரு வாதம் இருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் அதே வாதம்தான்: விவசாயம் வேறு, தொழிற்சாலை வேறு. நூல் ஒரு வாரம் காத்திருக்கும், விளைந்த கதிர் காத்திருக்காது. மில்லில் முதலாளியும் தொழிலாளியும் அந்நியர், கிராமத்தில் பண்ணையாரும் பண்ணையாளும் அப்பனும் பிள்ளையும் மாதிரி. நடுவில் சங்கம் எதற்கு? அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் காலத்தில் 1935இல் தொழிலாளர் உறவுச் சட்டம் வந்தபோது விவசாயத் தொழிலாளிகளை அதிலிருந்து பெயர் சொல்லி விலக்கிவைத்தார்கள். அந்த விலக்கு இன்றுவரை நீங்கவில்லை.

அந்த அப்பன் பிள்ளை உறவு எப்படி இருந்தது என்று தஞ்சாவூருக்குப் போய்ப் பார்ப்போம்.

தப்புச் செய்த பண்ணையாளுக்குச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. சவுக்கால் அடிப்பது. காவிரிக் கழிமுகத்துச் சேரிகளில் இது வழக்கமாக இருந்தது. 1943இல் கர்நாடகத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் என்ற மனிதர் அங்கே போய்ச் சேர்ந்தார். தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கினார். அவருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. சேரிக்குள் உட்கார்ந்து அந்த மக்களோடு சாப்பிட்டதற்கு மொழி தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே களப்பாளில் பண்ணையார்களை உட்காரவைத்து ஒப்பந்தம் போட வைத்தார்கள். சாணிப்பால் கூடாது, சவுக்கடி கூடாது. ஒரு சமூகம் இதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது என்றால், எழுதாத காலத்தில் என்ன நடந்திருக்கும்?

அடுத்து 1952. ராஜாஜி முதலமைச்சர். தஞ்சை ஜில்லாவில் கொந்தளிப்பு தாங்க முடியாமல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் மிராசுதார், காரணமில்லாமல் பண்ணையாளை வெளியேற்றக்கூடாது என்றது. மிராசுதார்கள் கொதித்தார்கள். ராஜாஜியே கம்யூனிஸ்ட் ஆகிவிட்டாரா என்றுகூடச் சிலர் கேட்டிருப்பார்கள்! பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? சட்டத்தை மீறவே இல்லை. பண்ணையாள் என்று யாரையும் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நேற்றுவரை பண்ணையாளாக இருந்தவன் இன்று முதல் தினக்கூலி. வேலை இருந்தால் வா, இல்லாவிட்டால் வராதே. சட்டம் காப்பாற்ற வந்த பண்ணையாள் என்ற ஆளே சில ஆண்டுகளில் காணாமல் போனான்.

இந்தச் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். சட்டம் வருவதைத் தடுக்க முடியாவிட்டால், சட்டம் தொடும் ஆளையே இல்லாமல் ஆக்கு. பின்னால் நூறு இடங்களில் பார்த்த வித்தை இது.

இப்போது 1966க்கு வருகிறேன். நாகைப் பகுதியில் ஒரு சங்கம் பிறந்தது. யாருடைய சங்கம்? மிராசுதார்களின் சங்கம். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று பெயர். நெல்லை உற்பத்தி செய்கிறவர் யார் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள், பெயர் அப்படித்தான். தலைவர் இரிஞ்சியூர் கோபாலகிருஷ்ண நாயுடு. அவர்களுக்குச் சந்தா உண்டு, தலைவர் உண்டு, கொடி உண்டு. அதிகாரிகளிடம் போய்ப் பேச ஆள் உண்டு. போலீஸ் பாதுகாப்பு கேட்க உரிமை உண்டு. ஆக, விவசாயத்தில் சங்கம் கூடாது என்பது அவர்கள் கொள்கையே அல்ல. தங்களுக்குச் சங்கம் வேண்டும், கூலிக்குக் கூடாது.

கூலிக்காரர்கள் கேட்டது என்ன? அரைப்படி நெல் கூடுதல். அறுவடைக் கூலியில் அரைப்படி. அதைக்கூடக் கொடுத்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். பேரம் பேசிக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். அவர்களால் தாங்க முடியாமல் போனது அரைப்படி அல்ல, கொடிக்கம்பம். செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கக் கொடியை ஏற்று என்றார்கள். சங்கத்தில் இருந்தவர்களுக்கு அபராதம் போட்டார்கள். வெளியூர் ஆட்களை இறக்கிக் கதிர் அறுத்தார்கள். கீழ்வெண்மணி என்ற ஊர் மட்டும் மசியவில்லை.

1968 டிசம்பர் 25, இரவு. அந்த ஊரில் ராமையா என்பவரின் குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்கள்மேல் தீ வைத்தார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்த இரவை இங்கே விரித்துச் சொல்ல நான் விரும்பவில்லை. சொல்லியவர்கள் இருக்கிறார்கள், நினைவிடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

அண்ணா அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கணபதியா பிள்ளையைக் கொண்டு ஆணையம் வைத்தது. எதைப் பற்றி? கூலியைப் பற்றி! கீழத்தஞ்சையில் விவசாயக் கூலி எவ்வளவு இருக்க வேண்டும் என்று விசாரித்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. கூலியைக் குறித்துக் கொடுத்தது. கூலி குறைந்தால் அதிகாரியிடம் போகலாம் என்றது. ஆனால் 44 பேர் செத்தது எதற்காக? சங்கத்துக்காக. சங்கத்தோடு உட்கார்ந்து பேசியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் வரவில்லை. நெல்லை அளந்து கொடுத்தார்கள், கொடியைப் பற்றிப் பேசவில்லை.

வழக்கு என்ன ஆயிற்று? நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் நாயுடு உள்பட 8 பேருக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெருநிலக்காரர்கள், இத்தனை தூரம் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று நீதிபதிகளுக்குச் சந்தேகம் வந்தது. அதே இரவில் பண்ணையார் தரப்பு ஆள் ஒருவர் செத்த வழக்கில் தொழிலாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன். கீழ்வெண்மணி தவிர மற்ற சேரிகள் கொடியை ஏன் இறக்கின? கோழைகளா? அவர்கள் குடிசை போட்டிருந்த மண் மிராசுதாருடையது. கொடியை இறக்காவிட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பான். ஆடு மேய்க்க வரப்பு அவனுடையது, ஒதுங்கப் போகும் கொல்லை அவனுடையது, பிணத்தைத் தூக்கிப் போகும் பாதை அவனுடையது. உன் காலுக்குக் கீழே இருக்கும் மண் அடுத்தவனுடையதாக இருக்கும்வரை, உன் தலைக்கு மேலே எந்தக் கொடி பறக்க வேண்டும் என்று அவன்தான் சொல்வான்.

அதனால்தான் சொல்கிறேன்: கீழத்தஞ்சைக் கூலித் தொழிலாளிக்குச் சங்க உரிமையைக் கொடுத்த சட்டம், சங்கத்தைப் பற்றிய சட்டமே அல்ல. குடியிருப்புச் சட்டம். 1961இல் வந்தது குடியிருப்பிலிருந்து வெளியேற்றக்கூடாது என்ற பாதுகாப்பு. வெண்மணிக்குப் பிறகு, கலைஞர் முதலமைச்சராக இருந்த 1971இல், குடியிருக்கும் மனையையே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. கூலிச் சட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இந்தக் குடிமனைச் சட்டத்துக்கு நாலு வரி ஒதுக்குவதில்லை. மனை தன்னுடையது ஆனவன்தான் அறுவடை நாளில் களத்தில் நிமிர்ந்து நின்று, ‘கூலியைச் சொல்லு, அப்புறம் அரிவாளை எடுக்கிறேன்’ என்றான்.

நம் மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. மதுரையில் படித்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வெண்மணிச் செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்குப் போனவர். கணவர் ஜெகந்நாதனோடு அங்கேயே தங்கி, கூலிப் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர். காந்திய வழி வந்த அவருக்கும் செங்கொடிக்காரர்களுக்கும் ஆயிரம் வேறுபாடு. மண் யார் பேரில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இரண்டு பேரும் கண்டுகொண்டார்கள்.

இப்போது கடலைத் தாண்டுவோம். நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன மக்கள்தானே இலங்கை மலையில் தேயிலை வளர்த்தார்கள்? அங்கே தோட்டத்துரைமார் சங்கம் 1854இலேயே பிறந்துவிட்டது. தொழிலாளியின் லயன் வீடு தோட்டத்துக்குள். தோட்டம் துரையினுடையது. வெளியாள் உள்ளே காலெடுத்து வைத்தால் அத்துமீறல். தஞ்சைக்காரரான கோ. நடேசய்யர் எப்படி உள்ளே போனார்? புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜவுளி வியாபாரியாகப் போனார்! தொழிலாளியின் வீட்டுக்குத் தொழிலாளியின் தலைவர் மாறுவேடத்தில் போக வேண்டியிருந்தது. அவர்தான் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டவர்.

1937இல் இன்னும் ஒரு வேடிக்கை. பிரேஸ்கேர்டில் என்ற ஆஸ்திரேலிய இளைஞன் துரைத்தனம் பழக வந்தவன், தொழிலாளி பக்கம் சேர்ந்துவிட்டான். நாவலப்பிட்டியில் மேடையேறிப் பேசினான். வெள்ளைக்காரனே வெள்ளைக்காரனைக் காட்டிக்கொடுக்கிறானா என்று துரைமார் கொதித்தார்கள். கவர்னர் நாடு கடத்தல் உத்தரவு போட்டார். பையன் தலைமறைவு. இலங்கை உச்சநீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று விடுவித்தது. துரைமார் அடைந்த அவமானம் தோட்டம் முழுக்கப் பரவியிருக்கும், சந்தேகமில்லை.

கலிபோர்னியாவுக்கும் ஒரு நடை போய் வருவோம். திராட்சைத் தோட்டத் தொழிலாளிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1975இல் அந்த மாநிலம் தனியாக ஒரு விவசாயத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் போராட்டத்தின் தலைவர் சீசர் சாவேஸ் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு விதி: வேலைக்கு முன் ஒரு மணி நேரம், சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம், வேலைக்குப் பின் ஒரு மணி நேரம் சங்கத்தார் தோட்டத்துக்குள் போய்த் தொழிலாளியோடு பேசலாம். தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? முதலில், அடுத்த ஆண்டே சட்டத்தை நடத்தும் வாரியத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்கவிடாமல் சட்டமன்றத்தில் தடுத்தார்கள். சட்டம் இருக்கிறது, வாரியம் பூட்டிக் கிடக்கிறது. தொழிலாளர்கள் சும்மா விடவில்லை. மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் பெருந்தோட்டக்காரர்களின் மூளையைப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் ஒரு பெரிய கம்பெனியின் முகம்கூட இல்லை. ஹாரி கூபோ என்ற ஜப்பானிய வம்சாவளி விவசாயியை முன்னே நிறுத்தினார்கள். உலகப்போர்க் காலத்தில் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்ட மனிதர். உழைத்துச் சேர்த்த என் நிலத்துக்குள் என் அனுமதியில்லாமல் வரலாமா என்று கேட்டார். மக்கள் மனம் இரங்கியது. தொழிலாளர் தோற்றார்கள். அந்த நுழைவு விதியையும் 2021இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் விட்டுவைக்கவில்லை. இழப்பீடு கொடுக்காமல் சொத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம் என்று தீர்ப்பளித்தது.

மறுபடியும் பாருங்கள். நாகப்பட்டினத்தில் குடிசை மண், அட்டனில் லயன், கலிபோர்னியாவில் தோட்டத்துக் கேட். சண்டை எங்கே நடந்தாலும் முடிவாக அது ‘என் இடம், உள்ளே வராதே’ என்ற ஒரு சொல்லில்தான் வந்து நிற்கிறது.

கூபோவைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த மாதிரி மனிதர் இந்த மண்டபத்திலும் இருப்பார். பெரியாறு கால்வாய்க் கடைமடையில், மேலூர் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, தண்ணீர் வருமா வராதா என்று வானத்தைப் பார்த்து ஒருபோகம் போடுகிறவர். அவரை எதிரி என்று சொல்ல நான் வரவில்லை. உரம் விலை, டிராக்டர் உழவு, அறுவடை இயந்திர வாடகை, கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பு என்று எல்லாக் கணக்கும் அவர் தலையில் விழுகிறது. அதில் எதையும் அவரால் குறைக்க முடியாது. குறைக்க முடிகிற ஒரே கணக்கு நடவு நடுகிற பெண்ணின் கூலி. அந்த வலி உண்மையானது. ஐந்நூறு ஏக்கர்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவன் சங்கம் கோட்டைக்கு மனு எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் இரண்டு ஏக்கர்காரரை முன்னால் தள்ளிவிட்டு, தான் பின்னால் நிற்கிறான்.

நூறு நாள் வேலையில் நடந்தது என்ன? கிராமத்தில் ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறிவிட்டது, நடவு அறுவடைக் காலத்தில் அந்த வேலையை நிறுத்துங்கள் என்று ஆண்டுக்காண்டு குரல். மத்திய வேளாண் அமைச்சராக இருந்த சரத் பவாரே 2011இல் இதைக் கேட்டார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேற்றியது. நாள் 125 ஆகிறது, மகிழ்ச்சி. கூடவே, விதைப்பு அறுவடை உச்சத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்க ஏற்பாடு. கூலிக்காரனுக்கு ஆண்டு முழுக்கப் பேரம் பேசும் பலம் கிடையாது. கதிர் முற்றி நிற்கும் அந்த நாலு வாரம்தான் அவன் கை ஓங்கியிருக்கும் காலம். அந்த வாரங்களில் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் செய்துவிட்டால், சங்கத்தைத் தடைசெய்ய வேண்டிய அவசியமே இல்லையே!

பஞ்சாபைப் பாருங்கள். தில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்து மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறவைத்த விவசாயிகள். நாம் எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். ஆனால் அந்தப் போராட்டம் தொடங்கிய அதே 2020இல், கொரோனாவால் வெளிமாநில ஆள் வராதபோது, பஞ்சாபில் பல பஞ்சாயத்துகள் தீர்மானம் போட்டன: நடவுக்கு ஏக்கருக்கு இதற்கு மேல் கூலி இல்லை, கூடக் கேட்கிறவர்களை ஊர் விலக்கு செய்வோம் என்று. கூடுவதன் பலம் அந்த விவசாயிகளுக்குத் தெரியாததா? தெரிந்ததால்தான் அடுத்தவன் கூடுவதற்குப் பயப்பட்டார்கள்.

விவசாயத் தொழிலாளருக்கென்று கேரளம் 1974இல் தனிச் சட்டம் போட்டது. நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று தேசிய ஊரகத் தொழிலாளர் ஆணையம் 1991இல் பரிந்துரைத்தது. வந்ததா? வரவில்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த மசோதாவுக்கு ஆயுசு இல்லை.

சரி, இங்கே என்ன இருக்கிறது? வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நடவுக் காலத்தில் போய்ப் பாருங்கள். பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு குழு. ஏக்கருக்கு இவ்வளவு என்று குழுவே பேசி முடிக்கிறது. ஒரு குழு சொன்ன ரேட்டுக்குக் கீழே இன்னொரு குழு இறங்குவதில்லை. இறங்கினால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பதில் சொல்லியாக வேண்டும். தலைவி கையில் செல்போன், இடுப்பில் சுருக்குப்பை. பதிவு இல்லை, கொடி இல்லை, சந்தா இல்லை. ஆனால் களத்தில் நடக்கிற பேரம் முழுக்கச் சங்கத்தின் பேரம்தான்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அந்தத் தலைவியிடம் போய்ப் புரட்சி பேச வேண்டாம், தொழிற்சங்கச் சட்டத்தையும் பேச வேண்டாம். ‘அக்கா, உங்க தெருவுல எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கு?’ என்று கேளுங்கள். இல்லாத வீட்டுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுங்கள். தாலுகா ஆபீசுக்குக் கூடவே போய் நில்லுங்கள். தள்ளுமுள்ளு பட்டு, தாசில்தார் கையெழுத்து வாங்கி, பட்டாவை அந்த அக்கா சுருக்குப்பையில் வைத்த பிறகு கூலியைப் பற்றிப் பேச உட்காருங்கள்.